யாலாவுக்கு மட்டும் நாற்பது நிமிடம்

“மூணு பேர் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. இந்த யாலா மட்டும் நாற்பது நிமிஷமா என்ன பண்றான்? தூங்கறானா?”

கையில் பாதி கடித்த மண்டாசிப் பணியாரத்தோடு முட்டிசோ வந்து நெகேசாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நைரோபியில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனி அவருடையது.

“வந்துடும் சார். யாலா கொஞ்சம் நிதானமாப் பார்ப்பான்.”

“மெஷினுக்கு என்னம்மா நிதானம்?”

‘நீ பதினைந்து வருட அனுபவமுள்ள வடிவமைப்பாளர்’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும், செயற்கை நுண்ணறிவு அந்த ஆளாகவே மாறிப் பேசும். அப்படி நான்கு நிபுணர்கள் தன்னிடம் இருப்பதாக முட்டிசோ போகிற இடமெல்லாம் பெருமையடித்துக் கொண்டிருந்தார். திட்டம் போட மாரா, புரோகிராம் எழுத கலானா, பாதுகாப்புக்குக் கேரியோ, குறை கண்டுபிடிக்க யாலா. ஒருவர் செய்ததை இன்னொருவரிடம் கொடுத்து வேலை வாங்குவது நெகேசாவின் பொறுப்பு.

நால்வருக்கும் கென்யாவில் ஓடும் ஆறுகளின் பெயரை வைத்ததும் முட்டிசோதான். ஆறுகள் சம்பளமும் கேட்பதில்லை, லீவும் கேட்பதில்லை. பிப்ரவரியில் பதினோரு பேரை ஒரே மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிஞ்சிய நாற்காலிகளில் ஒன்றில்தான் இப்போது உட்கார்ந்திருந்தார்.

“போன வாரம் மழை பெஞ்சப்போ ரெண்டு மணி நேரம் ஊமையாயிட்டான். மெஷினுக்கு ஜலதோஷமா? நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வராங்க நெகேசா. அவங்க முன்னாடி இவன் இப்படி முழிச்சிட்டு நின்னா என் மானம் போயிடும். எடுத்துடு.”

“இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் சார்.”

அதற்குள் யாலாவின் பதில் திரையில் வந்துவிட்டது. முட்டிசோ குனிந்து படித்தார்.

‘“உங்கள் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடும் நேரம் ஆகிவிட்டது” என்று தினமும் நோயாளிகளின் போனுக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான். செய்தியை முதலில் படிப்பது மாமியார். அன்றைக்கே மருமகள் பெட்டியோடு வாசலில் நிற்பாள். செய்தியில் நோயின் பெயரும் வேண்டாம், மாத்திரை என்ற வார்த்தையும் வேண்டாம்.’

முட்டிசோ மண்டாசியை மெல்வதை நிறுத்தினார்.

“அடேயப்பா! மத்த மூணு பேருக்கும் இது தோணவே இல்லையே!”

“தோணாது சார். அதான் யாலா வேணுங்கறேன்.”

“அது என்ன, ‘எங்கள் பக்கத்தில்’? மெஷினுக்கு எந்த ஊரு? ககமேகாவா, கிசுமுவா?” என்று சிரித்தார்.

“நான்தான் அப்படிப் பேசச் சொல்லி எழுதியிருக்கேன் சார்.”

அவர் சிரித்ததைப் பார்த்து நெகேசாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஒரு நிமிடம்கூட அது நிலைக்கவில்லை.

“ஒண்ணு பண்ணு. ஏழு மாசமா இவன் எழுதினது மொத்தத்தையும் எடுத்து மாராவுக்குக் குடு. அவ படிச்சுக்கட்டும். இனிமே இதையெல்லாம் அவளே ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவா. இவனைத் தூக்கிடு.”

“சார், வேண்டாம். ஒரு வாரம் குடுங்க, வேகமாக்கிடறேன்.”

“ஒரு வாரமா? மணி மூணு ஆச்சு.”

“அவன் வேலையில ஒரு குறை சொல்லுங்க சார், பார்ப்போம். ஒரே ஒரு குறை!”

அவள் குரல் உயர்ந்ததில் அவளே திடுக்கிட்டாள். முட்டிசோ அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“என்ன ஆச்சு உனக்கு? பிப்ரவரியில உன் வீட்டுக்காரரையே அனுப்பினேன். அன்னிக்கு நீ ஒரு வார்த்தை பேசல. இப்ப ஒரு மெஷினுக்காக இப்படி மல்லுக்கட்டறே!”

“அன்னிக்கே பேசியிருக்கணும் சார்.”

முட்டிசோவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. சட்டையில் விழுந்த துகள்களைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“பராசா இப்ப எப்படி இருக்கார்?”

“காலையில எழுந்து சவரம் பண்ணிக்கறார் சார்.”

“நல்லது, நல்லது. நான் விசாரிச்சதாச் சொல்லு.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ம், ஆகட்டும்.”

நெகேசாவுக்கு வேறு வழி தெரியவில்லை. இந்த வேலையும் போய்விட்டால் வாடகை கொடுக்க ஆளில்லை. ஏழு மாத எழுத்தையும் அள்ளி மாராவிடம் கொடுத்தாள். ‘புரிந்தது, நன்றி’ என்று மாரா உடனே சொல்லிவிட்டது. யாலாவின் பெயரை அழுத்தினாள். நிச்சயமாக நீக்கலாமா என்று திரை கேட்டது. முட்டிசோ எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆம் என்று அழுத்தினாள்.

“பார்த்தியா? இவ்வளவுதான் வேலை. முகத்தைக் கழுவிட்டு வா, அவங்க வர்ற நேரம்.”

அவர் கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் மேஜை மேல் நெகேசாவின் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து பராசா எழுதியிருந்தான்:

“யாலா பக்கம் திடீர்னு மூடிடுச்சு நெகேசா. மறுபடியும் என்னை அனுப்பிட்டாங்களா? இனிமே இன்னும் வேகமா டைப் பண்றேன்னு முட்டிசோ சார்கிட்ட சொல்லிப் பாரேன்.”