மீதி எடை

மிளகி என்ற பூனைக்கு டாக்டர் எழுதித் தந்த மருந்தை, சிரிஞ்ச் கழுத்துவரை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றது.

"இவ்வளவா? பாதி போதுமே," என்றது மிளகி.

சிரிஞ்ச் அச்சு அசல் டாக்டர் மாதிரியே கனைத்தது. "எடைக்கு ஏத்த மருந்துதாம்மா. எட்டு கிலோ. வாயைத் திற."

"நான் நாலு கிலோதான். என்னைக் கூடையோட தராசுல வச்சுட்டாங்க."

"அதுக்காக? கூடை நாலு கிலோவா இருக்கும்?"

மூலையிலிருந்த பிரம்புக்கூடை முனகியது. "நான் ஒரு கிலோகூட இல்லை."

"அப்ப மீதி யாரு?" என்றது மிளகி.

காலிக் கூடை மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கியது. உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தான், பஞ்சு. உனக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்த பூனை. என்னையும் கூடையோடதான் தராசுல வச்சாங்க. டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வாயைத் திறந்தேன்; அதோட போய்ச் சேர்ந்துட்டேன்."

சிரிஞ்சுக்கு அதற்குமேல் டாக்டர் குரல் வரவில்லை. பாதி மருந்தைத் தரையில் கக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் மிளகியிடம் நீட்டியது.

தரையில் சிந்தியதை யாரோ நக்கும் சத்தம் கேட்டது.

"பாரு, இப்பவும் எவ்வளவுன்னு கேக்காமத்தான் குடிக்கறான்," என்றது கூடை.