தொங்கும் கதவு

சாந்தினியின் பழைய காடியில் இடப்பக்கப் பின்கதவு மறுபடியும் தொங்கியது. ஆயர் ஈத்தாமில் இருந்த பட்டறையில் மெக்கானிக் தயாளன் அதைத் திறந்து, அடியில் கைகொடுத்துத் தூக்கினார். கதவு ஆடிக்கொண்டே மேலே வந்தது.

"போன மாசந்தானே கீலுக்குப் புது பின்னு போட்டேன்? யாரோ கதவப் புடிச்சுத் தொங்கி எறங்குறாங்க லா. நல்ல கனமான ஆளு."

"பின்னால யாரும் உக்கார்றதே இல்லண்ணே. நான் மட்டுந்தான் ஓட்டுறேன்."

"சும்மா கெடக்குற கதவு இப்படித் தேயாதும்மா."

அம்மா அப்படித்தான் இறங்குவார். முழங்கால் வலி. டயாலிசிஸ் நிலையத்தின் வாசலில் கதவின் மேல் முழுப் பாரத்தையும் போட்டு எழுந்து, "போயிட்டு வரேன்" என்பார். கடைசியாகப் போன அன்றும் அதையேதான் சொன்னார். திரும்பி வரவில்லை. கருமக்கிரியை முடிந்த பிறகுதான், போன மாதம், சாந்தினி இந்தக் கதவை முதல்முறை சரிசெய்யக் கொண்டுவந்தாள்.

தயாளன் பழைய பின்களைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றை அடித்தார். கதவு லேசாகத் தள்ளியதும் சாத்திக்கொண்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் அந்த நிலையம் வந்தது. பழக்கத்தில் அவள் கால் பிரேக்கை மிதித்தது. பின்கதவு திறந்தது. கீல் முனகியது. பாரம் இறங்கியதுபோல் காடியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.

சாந்தினி திரும்பிப் பார்க்கவில்லை. "போங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"போயிட்டு வாங்கம்மா" என்று வந்துவிட்டது.