துரை கொடுத்த கோட்டை

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலை நக்கோம்மா, வேணாம்! கோட்டைப் படம் மாட்டின வீட்டு மருமக, டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு ஷேர் ஆட்டோவுல போறதா?"

வருங்கால மாமியார் எலிசபெத் ஆன்ட்டி தீர்ப்பே சொல்லிவிட்டார். நாளை நிச்சயதார்த்தம். சரி என்றால் அபிகாயிலுக்கு வேலை போகும். மாட்டேன் என்றால் மாப்பிள்ளை ஃபிரெடி போவான்.

அவளுக்கு மியூசியத்தில் பழைய தாள்களைப் பழுதுபார்க்கும் வேலை. அதை விடச் சொன்ன இதே வாய்தான், பூச்சி அரித்த கோட்டைப் படத்தை இலவசமாகச் சரிசெய்து தரவும் சொல்லியிருந்தது. முடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஃபிரேம்தான் பாக்கி.

ஹால் மேஜையில் படத்தை விரித்தாள். குன்று, கோட்டை, கீழே ஏரி, குதிரைமேல் குட்டியாக ஒரு பிரபு.

"இதோட மதிப்பை ஃபிரெடிக்கும் சொல்லும்மா!"

"அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பிரபுங்க தங்களோட கோட்டையை இப்படி அச்சடிச்சு வேண்டியவங்களுக்குக் கொடுப்பாங்க ஆன்ட்டி. 'இத்தனையும் என்னுது'ன்னு ஊருக்குக் காட்டிக்கத்தான்."

"கேட்டியாடா? வேண்டியவங்க! துரையே வீடு தேடி வந்து கொடுத்தது. நம்ம குடும்பத்துப் பொம்பளைங்க அஞ்சு தலைமுறையா வேலைக்குப் போனதில்ல!"

"பின்பக்கம் துரை கைப்பட எழுதியிருக்கார் ஆன்ட்டி. பழைய அட்டையைப் பிரிச்சப்பதான் தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டு ஹால் நடுவுல தொங்கவிடட்டுமா? நாளைக்கு வர்றவங்க எல்லாரும் படிப்பாங்க."

"ஹவ்! போடு, போடு!"

எலிசபெத் படத்தைத் திருப்பினார். தன் மாமனாரின் பாட்டி சாராளின் பெயரைக் கண்டதும் முகம் பூரித்தது. மேலே படித்தார். பூரிப்பு வடிந்தது. படத்தைப் பட்டென்று பழையபடி திருப்பிவைத்தார்.

"எழுத்து புரியலையா மம்மி? நான் படிக்கட்டா?"

"நீ உட்காருடா!"

"ரெண்டு பக்கமும் கண்ணாடிதானே ஆன்ட்டி?" துணி கிழிக்குமுன் கத்திரியோடு காத்திருக்கும் ஜவுளிக்கடைக்காரரின் பொறுமையோடு கேட்டாள் அபிகாயில்.

"நக்கோ, வேணாம்! பின்னாடி தடி அட்டையா ஒட்டிடு."

"ஒட்டலாம். ஆனா வேலையையே விடச் சொன்னீங்களே..."

"யாரு சொன்னா? படிச்ச பொண்ணு வேலையை விடுவாளா? ரிட்டயர் ஆகிற வரைக்கும் போ!"

ஃபிரெடி விழித்தான். "கைக்கு மம்மி, ஏன் திடீர்னு?"

பதில், படத்தின் பின்பக்கம் துரையின் ஆங்கிலத்தில் இருந்தது: 'ஒருநாளும் தவறாமல் வேலைக்கு வந்து, எங்கள் மூன்று பிள்ளைகளையும் பன்னிரண்டு வருடம் வளர்த்த ஆயா சாராளுக்கு, நன்றியுடன்.'