நூற்றுப் பன்னிரண்டாவது அட்டை

நூற்றுப் பன்னிரண்டாவது அட்டை வர இன்னும் நான்கு அட்டை இருந்தது.

எல்லப்பன் அண்ணன் மிதியை அழுத்தினார். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில், எந்த இழை எழும்ப வேண்டும் என்று துளைகளால் சொல்லும் ஓர் அட்டை விழுந்தது. எழும்பிய இழைகளுக்கு நடுவே ஊடை நூலோடு நாடா ஓடியது.

பட்டு முதலாளி பரசுராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மயில் கழுத்து இன்றும் உடைந்து விழுந்தால் இந்தத் தறிக்கு இனி நெய்யப் பாவு நூல் கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் முள்ளிப்பட்டுக்கு வந்திருந்தார்.

போன மாதம் ஒரு புடவையில் அத்தனை மயிலுக்கும் கழுத்தில் ஓர் இழை தள்ளி விழுந்திருந்தது. அதே அட்டையில் அதற்கு முன் ஏழு புடவை பழுதில்லாமல் இறங்கியிருந்தன. அப்புறம் யாரைச் சொல்வார்கள்? கைத்தப்பு என்றார் பரசுராமன். அண்ணன் வாயே திறக்கவில்லை.

அதுதான் என்னை அரித்தது. டிசைன் போட்டு அட்டை அடித்துக் கொடுத்தவள் நான். கழற்றிய அட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டில் ஒரு துளை இடம் மாறியிருந்தது.

டிசைனைத் துளைக் கணக்காக மாற்றும் கம்ப்யூட்டர் புரோகிராமில் தப்பில்லை. வேலூரில் தோழியின் கம்ப்யூட்டரில் அதே டிசைன் ஒழுங்காக வந்தது. என் மெஷின் அப்போதே, தொண்ணூற்றெட்டிலேயே, பழசு. அதிலிருந்த சனியன் பிடித்த சிப் சில வகுத்தல் கணக்குகளுக்கு மட்டும் தப்பான விடை சொல்லிக்கொண்டிருந்தது.

புது சிப்புக்கு வழியில்லை. சும்மா விடவும் மனசில்லை. மெஷினையே ஆட்டிவைக்கும் கெர்னல் என்ற அடிப்படை புரோகிராமை மறுபடி கட்ட உட்கார்ந்தேன். கட்டும் முன் அது வரிசையாகக் கேள்வி கேட்கும். 'சிப்பின் கணக்கை நம்பாமல் நானே கணக்குப் போடட்டுமா?' என்பதும் அதில் ஒன்று. முன்பு வேகத்துக்கு ஆசைப்பட்டு 'வேண்டாம்' என்று தட்டியிருந்தேன். இப்போது 'சரி' என்று தட்டினேன். மூன்று தடவை கரண்ட் போனது. மூன்று தடவையும் மறுபடி உட்கார்ந்தேன். விடுவேனா?

மெஷின் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் புதிதாக அடித்த அட்டையில் துளை சரியான இடத்தில் விழுந்தது.

நூற்றுப் பன்னிரண்டு வந்தது.

அண்ணனின் வலது கை வேலையை விட்டுவிட்டு இழைகளுக்கு மேலே போனது. பாதியில் நின்றது. திரும்பி வந்தது.

இன்னும் பத்து அட்டை ஓடியதும் பரசுராமன் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"சரியாத்தான் கீது ரீனாம்மா. எல்லப்பா, நாளைக்கு வந்து பாவு எடுத்துகினு போ" என்றார். கிளம்பிப் போய்விட்டார்.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. ஆனாலும் அந்தக் கை கண்ணை விட்டுப் போகவில்லை.

"என்னண்ணா, நடுவுல கைய எங்கியோ கொண்டுபோனீங்க?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "பழக்கம்மா. அந்த எடத்துல ஒரு இழைய அமுக்கிட்டு, பக்கத்து இழைய எடுத்து உட்டுகினு இருந்தேன். ஒவ்வொரு மயிலுக்கும். போன மாசம் நான் ஜொரத்துல படுத்தப்ப என் சம்சாரம் கற்பகம் தறியில ஒக்காந்துச்சு. அதுக்கு சொல்ல மறந்துட்டேன்."

ஏழு புடவை. கடவுளே!

"மொதல்லயே எங்கிட்ட சொல்லக்கூடாதாண்ணா?"

"அட்ட குடுத்தன்னிக்கு நீங்கதானம்மா சொன்னீங்க, கம்ப்யூட்டர்ல தப்பே வராதுன்னு."