இடது கையைத் தூக்குங்க

"ஐயோ, மெதுவா!" என்று அலறினார் கைகாட்டி.

"அப்பா, டாக்டர் இன்னும் உங்க வாயைத் தொடவே இல்லை. நாற்காலியைத்தான் சாய்ச்சாங்க" என்றாள் மகள்.

கைகாட்டி என்பது ஊர் வைத்த பெயர். போக்குவரத்துக் காவலர். நாற்சந்தியில் அவர் கையைத் தூக்கினால் இருபது சக்கர லாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருமுறை மேலே பறந்த காக்காகூட அந்தரத்தில் நின்று, விசில் ஊதிய பிறகுதான் நகர்ந்ததாம். பொய் என்பவர்கள் காக்காவைத்தான் கேட்க வேண்டும்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு கடைவாய்ப் பல் மூன்று மாதமாக ஆட்டிவைத்தது. கன்னம் வீங்கி, விசிலை ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு முறை இந்த ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, "டூட்டி இருக்கு" என்று திரும்பி ஓடியவர். இன்று மகள் விடவில்லை. பதினான்கு வயது. அவள் பல்லுக்குக் கிளிப் போட்டதும் இதே டாக்டர்தான். அப்போதெல்லாம் கூட வந்தது அவள் அம்மா.

"ரெண்டு வருஷமா வாய் நிறைய கம்பியோட சாப்பிடறேன். உங்களுக்கு ஒரே ஒரு பல்லு. வெக்கமா இல்லை?"

"உனக்குச் சின்ன வயசும்மா. தாங்கும்."

முகமூடி போட்ட டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"பல்லைப் பிடுங்கிடலாம். இல்லேன்னா வேரைச் சுத்தம் பண்ணி, அடுத்த வாரம் மேல மூடி போட்டுக் காப்பாத்திடலாம். இன்னும் கொஞ்ச நாள் ஓடி ஒளிஞ்சீங்கன்னா, பிடுங்கறது ஒண்ணுதான் வழி."

"காப்பாத்துங்க."

"பல்லையா, உங்களையா?"

"ரெண்டு பேரையும்."

"பயப்படாதீங்க. முதல்ல மருந்து தடவி மரத்துப்போக வெச்சுட்டுத்தான் ஊசியே போடுவேன். அதையும் மீறி வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடறேன்."

தலையாட்டப் போனவர் கண்ணில், மேசைமேல் கிடந்த சாவிக்கொத்து பட்டது. அதன் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பல் தொங்கியது.

ஆட்டப் போன தலை பாதியில் நின்றது.

போன வாரம் இதே சாவிக்கொத்து அரைமணி நேரம் அவர் சட்டைப் பையில் இருந்தது. ஓர் அம்மாவின் ஸ்கூட்டர் வெள்ளைக் கோட்டை ஒரு முழம் தாண்டி நின்றதற்காகப் பிடுங்கியது. ஹெல்மெட்டுக்குள் முகம் சரியாகத் தெரியவில்லை. மற்றவர்கள் என்றால் கெஞ்சுவார்கள், சண்டைக்கு வருவார்கள், பெரிய இடத்துக்கு ஃபோன் போடுவார்கள். இந்தம்மா மட்டும் மரநிழலில் ஒதுங்கி, "மெதுவா எழுதுங்க சார், அவசரமே இல்லை" என்றார். திமிரைப் பார் என்று கூடக் கால்மணி நேரம் நிற்கவைத்தார் கைகாட்டி.

இப்போதுதான் உறைத்தது. கத்துகிறவன் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவான். வாய் மூடி நிற்கிறவன் மனதில் முடிந்துவைத்துக்கொள்வான்.

அன்று வாய் மூடி நின்றவர் கையில் இன்று ஊசி. வாய் திறந்து கிடப்பது இவர்!

ஊசி போட்டாயிற்று. உதடு மரத்தது. "ஆ காட்டுங்க." மெஷின் ர்ர்ர்ரென்று கிளம்பியது.

சட்டென்று இடது கை மேலே போனது. மெஷின் நின்றது.

"வலிச்சுதா சார்?"

"இல்லை... நிக்குதான்னு பார்த்தேன்."

மறுபடி ர்ர்ர். மறுபடி கை. மறுபடி நின்றது. மூன்று, நான்கு, ஏழு... வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"அப்பா, இது சிக்னல் இல்லை!" என்று மகள் பல்லைக் கடித்தாள், கம்பி இடித்தது.

டாக்டர் மட்டும் ஒரு சுடுசொல்கூடச் சொல்லவில்லை. கைகாட்டி பதினோரு முறை கை தூக்கினார். பதினோரு முறையும் டாக்டர் நிறுத்தினார்.

"முடிஞ்சுது சார். எழுந்திருங்க."

கைகாட்டியால் நம்ப முடியவில்லை. பல் இருந்தது, வலி இல்லை. ஆனால் மனது குத்தியது.

"டாக்டர்... அன்னைக்கு நான் சாவியைப் பிடுங்கினது உங்ககிட்டதானே?"

"நீங்க உள்ளே நுழையும்போதே அடையாளம் தெரிஞ்சுது சார்."

"தெரிஞ்சுமா இத்தனை தடவை நிறுத்தினீங்க? என்மேல கோபமே இல்லையா?"

டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். முகமூடியை இறக்கினார். வலது கன்னம் கைகாட்டியின் கன்னத்துக்குச் சளைக்காமல் வீங்கியிருந்தது.

"கோபமா? நன்றி சொல்லணும்னு இருந்தேன் சார். அன்னைக்கு எனக்கு ஞானப்பல் எடுக்கற நாள். நடுங்கிக்கிட்டே போனதுலதான் கோட்டைத் தாண்டினேன். நீங்க சாவியைப் பிடுங்கினதும்தான் எனக்கு உயிரே வந்தது. 'போலீஸ் பிடிச்சுட்டாங்க, வர முடியலை'ன்னு எனக்குப் பல்லு பார்க்கற பெரிய டாக்டர்கிட்ட சொல்லித் தப்பிச்சுட்டேன்."

"நீங்களுமா?" என்று மகள் வாயைப் பிளந்தாள்.

"அடுத்தவங்களை வாயைத் திறக்கச் சொல்றது சுலபம்மா" என்ற டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கார். அதே ரோடுதான். அன்னைக்கு மாதிரியே கொஞ்சம் கை காட்டி நிறுத்துங்க சார்."

கைகாட்டி மகளிடமிருந்து தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டார். மரத்த உதடு ஒரு பக்கமாகச் சிரித்தது.

"நாளைக்கு மத்த மூணு பக்கமும் கை காட்டி நிறுத்திடறேன் டாக்டர். உங்க பக்கம் மட்டும் பச்சை. அங்கே போய் உட்கார்ந்து, வலிச்சா இடது கையைத் தூக்குங்க."