ரோஸ் கலர் பாஸ்

கார்னிவல் ஆம்பூருக்கு வந்து மூன்று வாரமாகிறது. பாலாற்றங்கரை மைதானத்தில் ஜயண்ட் வீல், மரணக் கிணறு, குட்டி ரயில் என்று அமர்க்களமாகத்தான் போட்டிருந்தார்கள். நாலணா டிக்கெட். "நாலணாவுக்கு இன்னாத்த காட்டிடப் போறான்?" என்று ஊரே உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஒரு பெரிய போர்டு முளைத்தது. 'வரும் வெள்ளியன்று கார்னிவல் முழுவதும் மேல்விஷாரம் தோல் கம்பெனித் தொழிலாளர் உல்லாச தினத்துக்கு வாடகைக்கு விடப்பட்டுள்ளது. பாஸ் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. வெளியார் வரக் கூடாது.'

அவ்வளவுதான், ஆம்பூருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நம்ம ஊரு மைதானத்துல விஷாரத்துக்காரன் ஆடுவானாம், நாம வெளியில நின்னு வாயப் பாக்கணுமாம்! இன்னாய்யா நியாயம் இது?"

இந்த ரோஷத்தை கோவிந்தராஜ் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டான். அவனுக்குக் கை அரித்தது. அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர். கள்ள சினிமா டிக்கெட் அடித்து ஏற்கனவே ஆறு மாசம் வேலூர் ஜெயில் களி தின்றவன்.

"இன்னொரு தபா போலீஸ் நம்ம வாசப்படி ஏறுச்சு, டிரங்குப் பெட்டியத் தூக்கிக்கினு நாட்றம்பள்ளி அம்மா வூட்டுக்குப் போய்டுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அவன் மனைவி மனோரமா அப்போதே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே கோவிந்தராஜுக்கு அழுகை வரும். ஆனாலும் அரிக்கிற கை அரித்துக்கொண்டுதானே இருக்கும்?

அசல் பாஸ் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. வாங்கப் போகிறவனுக்கு மட்டும் தெரியுமா என்ன? கல்யாணப் பத்திரிகைக்கு வந்து மிஞ்சிக் கிடந்த ரோஸ் கலர் அட்டையை எடுத்தான். சுற்றிலும் பூக்கரை, நடுவில் 'தொழிலாளர் பாஸ்', அடியில் மானேஜர் என்று ஒரு கிறுக்கல். முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் வேலை முடிந்தது.

பாஸ் ஒரு ரூபாய். நாலணா கொடுக்க மூக்கால் அழுத ஊர், சந்து சந்தாக வந்து ரகசியமாக ரூபாயை நீட்டியது. நகைக்கடை அரங்கநாதன் இருக்கிறாரே, பஸ்ஸில் தோல் தொழிலாளி பக்கத்தில் உட்கார்ந்தால் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொள்கிற மனிதர், அவர் குடும்பத்துக்கே பாஸ் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. "தோஸ்த் ஒருத்தன் குடுத்தான்" என்று புளுகி, மனோரமாவையும் அழைத்துக்கொண்டு கோவிந்தராஜ் போனான். அவளுக்கு ஜயண்ட் வீலில் ஏற அப்படி ஒரு ஆசை. வரிசையில் முன்னால் அரங்கநாதன் நின்றிருந்தார்.

"எந்த செக்ஷன் சார்?" என்றான் வாசல்காரன்.

"தோல் ஊறப்போடுற சுண்ணாம்புத் தொட்டி" என்றார் அரங்கநாதன், நெஞ்சை நிமிர்த்தி.

வாசல்காரன் பாஸை வாங்கி, அவர் ஜிப்பாவிலேயே குண்டூசியால் குத்தி உள்ளே அனுப்பினான். கோவிந்தராஜுக்கும் அதே மரியாதை. நம்ம கைவேலைன்னா சும்மாவா என்று அவன் மீசையைத் தடவிக்கொண்டான்.

வீல் மேலே போனது. மனோரமா "ஐயோ அம்மா!" என்று கத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். உச்சியில் நின்றபோது கோவிந்தராஜ் பெருமையோடு கீழே பார்த்தான்.

மைதானம் நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு மார்பிலும் பாஸ். எல்லாம் ரோஸ்.

வேறு கலரில் ஒன்றாவது கண்ணில் படுகிறதா என்று தேடினான். ஊகூம். அப்படியானால் கம்பெனி ஆட்கள் ஒருத்தர்கூட இன்னும் வரவில்லை! வெள்ளிக்கிழமைத் தொழுகையை முடித்துவிட்டு விஷாரத்திலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். அசல் பாஸை நீட்டுவார்கள். அப்புறம் என்ன, ஜெயில்தான்.

அதே நேரம் கீழே கார்னிவல் முதலாளி ரத்தினசாமி, கையில் ஒரு ரோஸ் பாஸை வைத்துக்கொண்டு அரங்கநாதனிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெரிய மனிதர் சற்றும் கூசாமல் விரலை நீட்டி உச்சியைக் காட்டினார்.

ஓட வழியில்லை. வீல் அவனை நிதானமாகக் கொண்டுவந்து ரத்தினசாமியின் முன்னால் இறக்கியது.

"நீ இன்னும் நாலு சுத்து சுத்தும்மா. உன் வூட்டுக்காரர்கிட்ட ஒரு பேச்சு இருக்குது" என்று மனோரமாவிடம் சொல்லிவிட்டு, அவர் கோவிந்தராஜின் மணிக்கட்டைப் பிடித்துக் கூடாரத்துக்குள் இழுத்துப் போனார்.

கோவிந்தராஜ் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "ஐயா, போலீசுக்கு மட்டும் சொல்லாதீங்க! என் பொண்டாட்டி பூடுவா. வித்த காசு அத்தனையும் இந்தாங்க."

ரத்தினசாமி பணத்தை வாங்கினார். பாதியை மடியில் செருகிக்கொண்டு மீதியை அவன் சட்டைப் பையிலேயே போட்டார். கோவிந்தராஜுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கம்பெனி ஆளுங்க இப்ப வந்துடுவாங்களே, அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

"எந்தக் கம்பெனி?" என்றார் ரத்தினசாமி, பீடியைப் பற்றவைத்தபடி. "மூணு வாரமா எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்கன்னு தமுக்கடிச்சேன். ஒரு ஈ, காக்கா வரல."

புகையை விட்டுவிட்டு அவன் தோளில் தட்டினார்.

"ஞாயித்துக்கிழமைக்கு குடியாத்தம் லுங்கி கம்பெனின்னு போர்டு எழுதச் சொல்லிட்டேன், நீ நாளைக்குள்ள பச்சைக் கலர்ல பாஸ் அடிச்சுடு, கொஞ்சம் ஜாஸ்தியாவே அடி."