பத்துக்குப் பத்து

ஒன்றுமே ஞாபகம் இல்லாதவன் மாதிரி நடிக்க அபார ஞாபகசக்தி வேண்டும் என்பது, ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் முதலாளிக்குப் புரிந்தது.

தன் துணிக் கிடங்குக்குத் தானே தீ வைத்துவிட்டு, இன்ஷூரன்ஸ்காரர்கள் மோப்பம் பிடித்ததும், "மாடிப்படியில விழுந்துட்டேங்க, ஒண்ணும் ஞாபகம் இல்லை" என்று கோர்ட்டில் கையை விரித்தவர் அவர். ஞாபகம் திரும்பும்வரை வழக்கு நிற்கட்டும், ஆளுக்கு வைத்தியம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார் நீதிபதி.

வல்லாரையோடு இன்னும் என்னென்னவோ பச்சிலைகளைக் காய்ச்சி, மறதிக்கும் மனச்சோர்வுக்கும் ஒரே மருந்து கண்டுபிடித்துவிட்டதாக ஒரு டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது.

"ஒத்துக்கோங்க மாமா. இந்த மருந்தைக் குடிச்சும் குணமாகலைன்னா கேஸே ஊத்திக்கும்" என்றான் வக்கீலான மைத்துனன்.

மருந்து வேப்பெண்ணெய்க்கு அக்கா. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். குடித்து முடித்ததும் டாக்டர் பத்துப் படங்களைக் காட்டுவார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்.

பக்கத்துக் கட்டில் போஸ்ட்மாஸ்டர் பாடு சுகம். நிஜமாகவே மறந்துவிட்டு, "படமா? எப்பக் காட்டினீங்க?" என்று டாக்டரையே மடக்குவார். முதலாளிக்கோ பத்தும் வரிசை கட்டி நாக்கு நுனியில் வந்து நிற்கும். ஒன்றை மட்டும் துப்பிவிட்டு மற்றதை விழுங்குவதற்குள் சட்டை நனைந்துவிடும். முகத்தை வேறு தொங்கப்போட்டுக்கொள்ள வேண்டும். மனச்சோர்வுக்கும் மார்க் உண்டு.

ஒவ்வொரு தப்புக்கும் டாக்டரின் முகம் கறுத்தது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவர் பார்த்த பார்வையைப் பற்றி முதலாளி மைத்துனனிடம் புலம்பினார்.

"அந்த ஆளுக்கு என்மேல சந்தேகம்டா. பாக்கற பார்வையே சரியில்லை."

"பாத்துட்டுப் போகட்டும் மாமா. நீங்க வாயைத் திறக்காத வரைக்கும் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

கடைசிச் சோதனையில் முதலாளி உயிரைக் கொடுத்து நடித்தார். "ஏதோ... வாத்து மாதிரி..." என்று இழுத்துவிட்டு, போனால் போகிறது என்று கொஞ்சம் அழுதும் வைத்தார். டாக்டர் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

"போதும். கோர்ட்டுல நான் சொல்லிக்கறேன்."

சொன்னபடியே கூண்டேறினார் டாக்டர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவருக்கு ஞாபகம் முழுசாத் திரும்பிடுச்சுங்க ஐயா. கடைசிச் சோதனையில பத்துக்குப் பத்து."

முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறியது. கண்டுபிடித்துவிட்டானே, பாவி! மைத்துனன் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்கத் துள்ளி எழுந்தார்.

"பொய்ங்க ஐயா! வாத்து ஒண்ணைத்தான் சொன்னேன். குடை, ஏணி, கடிகாரம், சாவி, கத்தரிக்கோல், இதையெல்லாம் நான் சொல்லவே இல்லையே!"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை.

"ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. அப்படியே கிடங்குக்கு வருவோமா?"

மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஜாமீன் அங்கேயே ரத்தானது.

போலீஸ்காரர்கள் முதலாளியை வாசலுக்கு அழைத்து வந்தபோது, டாக்டர் மூச்சு வாங்க ஓடி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார்:

"மருந்து சீக்கிரம் கடைக்கு வரணுமேன்னு வார்டுல எல்லாருக்குமே பொய்யாத்தான் பத்துக்குப் பத்து போட்டேன். உங்க ஒருத்தருக்காவது நிஜமாவே வேலை செஞ்சிருக்கே, சார்!"